ப்ரீமெட் மாணவருக்கான மருத்துவப் பயிற்சி: நேரில் பெறுவதும் இணையவழியில் பெறுவதும்

அமெரிக்காவில் மருத்துவம் படிக்க விரும்பும் மாணவர் பள்ளிப்படிப்பு முடிந்ததும் நேராக மருத்துவக் கல்லூரியில் சேர்வது அரிது. நான்காண்டு இளநிலைப் படிப்பு, மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட், பரிந்துரைக் கடிதங்கள், கட்டுரைகள், நேர்காணல் என்று நீளும் அந்தப் பாதையில் இருப்பவர்களைத்தான் ப்ரீமெட் மாணவர்கள் என்கிறார்கள். மதிப்பெண்களைத் தாண்டி மருத்துவக் கல்லூரிகள் அவர்களிடம் தேடுவது ஒன்று உண்டு. நோயாளியும் மருத்துவரும் சந்திக்கும் இடத்தில் இந்த மாணவர் போதிய காலம் இருந்திருக்கிறாரா, அங்கே கண்டவற்றுக்குப் பிறகும் இந்தத் தொழிலையே விரும்புகிறாரா என்பதை அறிய அவை விரும்புகின்றன.

2020 வரை இந்த அனுபவம் என்றாலே பெரும்பாலும் மருத்துவமனைக்குப் போய் நிற்பதுதான். கோவிட் பரவியபோது நிலைமை ஒரே வாரத்தில் மாறியது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏ.ஏ.எம்.சி., அந்த ஆண்டு மார்ச் 17 அன்று, ஏற்கெனவே மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மாணவர்களின் வார்டுப் பயிற்சியையே நிறுத்திவைக்கும்படி வழிகாட்டியது. அப்படியிருக்கையில் ப்ரீமெட் மாணவர்களைப் பெரும்பாலான மருத்துவமனைகள் உள்ளே விடவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் ஜூம் வழியாக மருத்துவர்கள் நோயாளிகளின் கதைகளை எடுத்துரைக்கும் அமர்வுகளும், பாவனை நோயாளிகளைக் கொண்ட பாடத்திட்டங்களும், சான்றிதழ் தரும் இணையவழி இன்டர்ன்ஷிப்களும் பெருகின. மருத்துவமனைகள் மீண்டும் திறந்துவிட்டன. ஆனாலும் இணையவழிப் பயிற்சிகள் மறையவில்லை. எனவே இன்றைய மாணவருக்கும் பெற்றோருக்கும் எதில் நேரத்தையும் பணத்தையும் செலவிடுவது என்ற கேள்வி எழுகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரடிப் பயிற்சிதான் அடித்தளம். இணையவழிப் பயிற்சி அதற்கு முன்னும் பக்கத்திலும் நின்று உதவக்கூடியது. அதன் இடத்தில் உட்காரக்கூடியது அன்று. இணையவழிக் கல்வி மட்டமானது என்பதால் இதைச் சொல்லவில்லை. அங்கே கற்கக் கிடைப்பது வேறு, மருத்துவக் கல்லூரி கேட்கும் கேள்வி வேறு என்பதால் சொல்கிறேன்.

இரண்டும் எதைக் கற்பிக்கின்றன

மருத்துவமனையில் நான்கு மணி நேரம் தன்னார்வப் பணி செய்யும் மாணவர் அதில் பெரும்பகுதியைச் சக்கர நாற்காலியைத் தள்ளுவதிலும், போர்வை எடுத்துக் கொடுப்பதிலும், காத்திருக்கும் குடும்பத்துக்கு வழிகாட்டுவதிலும் கழிப்பார். மருத்துவ அறிவு என்று பார்த்தால் அவர் கற்றது மிகக் குறைவு. ஆனால் வலியில் இருப்பவர் எப்படிப் பேசுவார், ஒரே கேள்வியை மூன்றாம் முறை கேட்கும் முதியவருக்கு எப்படிப் பதில் சொல்வது, செவிலியர் ஒரே நேரத்தில் எத்தனை பேரை மனத்தில் வைத்துக்கொண்டு நடக்கிறார், மருத்துவர் அறையைவிட்டு வெளியேறிய பிறகு நோயாளியின் முகத்தில் தெரியும் குழப்பம் எத்தகையது என்பதெல்லாம் அங்கே நின்றால் மட்டுமே தெரியும். வாடையும் சத்தமும் காத்திருப்பும் சலிப்பும் இந்தத் தொழிலின் பகுதிகள். அவற்றைத் தாங்க முடியுமா என்பதை இருபது வயதிலேயே தெரிந்துகொள்வது மாணவருக்கும் நல்லது, பிற்காலத்தில் அவரிடம் வரப்போகும் நோயாளிகளுக்கும் நல்லது.

இணையவழி அமர்வின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. நல்ல மருத்துவர் ஒருவர் ஒரு நோயாளியின் வரலாற்றைப் படிப்படியாக விரித்து, இந்த இடத்தில் எனக்கு என்ன ஐயம் வந்தது, ஏன் இந்தப் பரிசோதனையைக் கேட்டேன், ஏன் அதைக் கேட்கவில்லை என்று விளக்கும்போது, மருத்துவச் சிந்தனை எவ்வாறு இயங்குகிறது என்பது தெளிவாகத் தெரியும். வார்டில் ரவுண்ட்ஸின்போது பின்னால் நடக்கும் மாணவருக்கு இப்படி நின்று விளக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. மேலும், சிறுநகரத்தில் வாழும் மாணவர், குழந்தை இதய அறுவை மருத்துவரையோ தடயவியல் மருத்துவரையோ நேரில் சந்திப்பது கடினம். திரையில் ஒரு மாலைப்பொழுதில் சந்தித்துவிடலாம். எந்தத் துறைகள் இருக்கின்றன, அவற்றில் இருப்போரின் நாள் எப்படிப் போகிறது என்று விரிவாகப் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை.

இவ்விரண்டுக்கும் நடுவில் சில பணிகள் உண்டு. தொலைமருத்துவச் சந்திப்பில் நோயாளியின் ஒப்புதலோடு மாணவர் இணைந்து கவனிப்பது திரைவழியாக நடந்தாலும், அங்கே இருப்பவர் உண்மையான நோயாளி. நடப்பது உண்மையான சிகிச்சை. மருத்துவர் பேசுவதைத் தொலைவிலிருந்து கேட்டுக் குறிப்பெழுதும் ஸ்க்ரைப் வேலையும் அத்தகையதே. ஆனால் பேச்சைக் கேட்டுத் தானே குறிப்பெழுதும் மென்பொருள்கள் இப்போது பரவிவருவதால் அந்த வேலையை மட்டுமே நம்பித் திட்டமிட வேண்டாம். மனநெருக்கடியில் இருப்போருக்குக் குறுஞ்செய்தி வழியே துணை நிற்கும் கிரைசிஸ் டெக்ஸ்ட் லைன் போன்ற அமைப்புகளில் பயிற்சி பெற்றுத் தொண்டாற்றுவதும் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய, மனிதரோடு மனிதராக நிற்கும் பணி. ஆகவே நேரிலா திரையிலா என்று கேட்பதற்கு முன், எதிரே உண்மையான ஒரு மனிதர் இருக்கிறாரா, அவருக்கு நான் ஏதேனும் பொறுப்பேற்கிறேனா என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் "ஆம்" என்று சொல்ல முடிகிற பணி எதுவானாலும் அதற்கு மதிப்பு உண்டு.

முதலில் உங்கள் நிலையைப் பாருங்கள்

அமெரிக்காவில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் பலர் கவனிக்காமல் விடுவது விசா. எச்-1பி விசாவில் இருப்போரின் பிள்ளைகள் எச்-4 நிலையில் இருந்தால், அவர்கள் ஊதியம் பெறும் எந்த வேலையும் செய்ய முடியாது. எச்-4 வேலை அனுமதி குறிப்பிட்ட தகுதியுள்ள வாழ்க்கைத்துணைக்கே உரியது, பிள்ளைகளுக்கு அன்று. எஃப்-1 விசாவில் வந்த மாணவர் வளாகத்துக்கு வெளியே வேலை செய்ய உரிய அனுமதி பெற வேண்டும். ஆகவே ஸ்க்ரைப், செவிலி உதவியாளர் போன்ற ஊதியப் பணிகள் இவர்களில் பலருக்கு இல்லை. வீட்டிலிருந்து கணினியில் செய்தாலும் வேலை வேலைதான் என்பதால் இணையவழி என்ற காரணம் இங்கே உதவாது. மற்றவர்களுக்கு ஊதியம் தரப்படும் பணியை நான் ஊதியமின்றிச் செய்கிறேன் என்று சொல்வதும் சிக்கலில் முடியலாம். இயல்பாகவே தன்னார்வலர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட மருத்துவமனைப் பணி, ஹாஸ்பிஸ் என்னும் இறுதிக்காலப் பராமரிப்பு அமைப்புகளில் தொண்டு, மருத்துவருடன் நின்று கவனிக்கும் ஷேடோயிங் ஆகியவையே பாதுகாப்பான வழிகள். எஃப்-1 மாணவர் தொடங்குவதற்கு முன் கல்லூரியின் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்திடமும், எச்-4 மாணவர் குடியேற்ற வழக்கறிஞரிடமும் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவர்களைப் பல மருத்துவக் கல்லூரிகள் சேர்ப்பதில்லை என்பதையும் முதலாண்டிலேயே அறிந்து திட்டமிடுவது நல்லது.

அடுத்தது வயதும் இடமும். பள்ளி மாணவர்களைச் சில மருத்துவமனைகள் 16 வயதிலும் வேறு சில 18 வயதிலுமே ஏற்கின்றன. அறுவை அரங்கு, அவசர சிகிச்சைப் பிரிவு போன்றவற்றில் கட்டுப்பாடு மேலும் கடுமை. அதனால் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இணையவழி அமர்வு உண்மையிலேயே பொருத்தமானது. கார் இல்லாத மாணவருக்கும், உடற்குறை அல்லது நோயெதிர்ப்புக் குறைபாடு காரணமாக வார்டில் நிற்க இயலாதவருக்கும், வீட்டில் யாரையோ பராமரிக்கும் பொறுப்புள்ளவருக்கும் அது தரும் வாய்ப்பு பெரிது. அவர்கள் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. தங்கள் சூழலை விண்ணப்பத்தில் நேராக எழுதினால் போதும்.

நேரடி வாய்ப்பைத் தேடும் முறை

அருகிலுள்ள மருத்துவமனையின் தன்னார்வலர் அலுவலகத்திலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலான மருத்துவமனைகளுக்கு இணையத்திலேயே விண்ணப்பப் படிவம் உண்டு. பின்னணிச் சோதனை, நோயாளி அந்தரங்கம் பற்றிய ஹிப்பா பயிற்சி, தடுப்பூசிச் சான்றுகள், அறிமுக வகுப்பு எல்லாம் முடிய வாரங்கள் ஆகும். கோடையில் பணிபுரிய வேண்டுமானால் குளிர்கால விடுமுறையிலேயே விண்ணப்பிக்க வேண்டும். தட்டம்மை, சின்னம்மை, ஹெபடைட்டிஸ் பி, ஃப்ளூ ஆகியவற்றுக்கான பதிவுகளோடு காசநோய்ச் சோதனையும் கேட்பார்கள். இந்தியாவில் பிறந்த பிள்ளைகளுக்கு இதில் ஒரு சங்கடம் நேரும். பிறந்தவுடன் போடப்பட்ட பி.சி.ஜி. தடுப்பூசியின் விளைவாகத் தோலில் செய்யும் சோதனை, நோய்த்தொற்று இல்லாதபோதும் இருப்பதாகக் காட்டலாம். ஐ.ஜி.ஆர்.ஏ. எனப்படும் இரத்தச் சோதனையை பி.சி.ஜி. பாதிப்பதில்லை என்பதால் அதையே முதலில் கேட்டுப் பெறுங்கள். தேவையற்ற எக்ஸ்ரேயும் வாரக்கணக்கான தாமதமும் தவிரும்.

பெரிய மருத்துவமனையில் இடம் கிடைக்காவிட்டால் சோர்ந்துவிட வேண்டாம். நான் மாணவர்களுக்கு முதலில் பரிந்துரைப்பது ஹாஸ்பிஸ் அமைப்புகளைத்தான். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் விதிகளின்படி, ஹாஸ்பிஸ் ஊழியர்கள் நோயாளிகளுக்காகச் செலவிடும் மொத்த நேரத்தில் குறைந்தது 5 விழுக்காட்டுக்கு ஈடான நேரத்தைத் தன்னார்வலர்கள் தர வேண்டும். அதனால் அந்த அமைப்புகள் தன்னார்வலர்களைத் தேடிக்கொண்டே இருக்கின்றன. முறையான பயிற்சியும் தருகின்றன. அங்கே மாணவர் செய்வது ஒருவர் பக்கத்தில் உட்கார்வது, செய்தித்தாள் வாசிப்பது, பராமரிக்கும் மனைவியோ மகனோ இரண்டு மணி நேரம் வெளியே போய்வர வழிசெய்வது. குணப்படுத்த முடியாத நிலையிலும் மருத்துவத்துக்குச் செய்ய வேண்டியது எவ்வளவோ இருக்கிறது என்பதை வேறெந்தப் பயிற்சியும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. மரணத்தை அருகில் காண்பது எல்லோருக்கும் உடனே இயலாது. இயலவில்லை என்றால் ஒருங்கிணைப்பாளரிடம் தயங்காமல் சொல்லலாம்.

வேலை அனுமதி உள்ளவர்களுக்கு ஊதியப் பணியே சிறந்த பயிற்சி என்பது என் உறுதியான எண்ணம். செவிலி உதவியாளரான சி.என்.ஏ. பயிற்சிக்குக் கூட்டாட்சி விதி குறைந்தது 75 மணி நேரம் கேட்கிறது. மாநிலங்கள் கூடுதலாகக் கேட்கலாம், கலிஃபோர்னியாவில் அது 160 மணி நேரம். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டுவது, படுக்கையில் புரட்டிவிடுவது என்று உடல் வருந்தும் வேலை அது. ஆம்புலன்ஸ் பணிக்கான ஈ.எம்.டி. பயிற்சியை ஒரு கல்லூரிப் பருவத்தில் முடிக்கலாம். இத்தகைய பணிகளில் மாணவர் பார்வையாளராக இருக்க முடியாது. தவறினால் யாரோ ஒருவருக்கு வலிக்கும் என்ற பொறுப்பு அவர்மேல் விழுகிறது, அந்தப் பொறுப்பு மனிதரை வேகமாக முதிரச் செய்கிறது.

மருத்துவரோடு நின்று கவனிக்கும் ஷேடோயிங் வாய்ப்புக்கு மாணவர் தாமே எழுத வேண்டும். நம் வீடுகளில் அப்பா தம் நண்பரான மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லி ஏற்பாடு செய்வது வழக்கம். முதல் அறிமுகத்துக்கு அது தவறில்லை. அமெரிக்கத் தமிழ் மருத்துவர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் உங்கள் ஊரில் இருந்தால் அவர்களையும் அணுகலாம். ஆனால் குடும்பத்துக்குப் பழகியவரோடு மட்டும் நின்றுவிடாமல் அறிமுகமில்லாத ஒருவரையேனும் மாணவர் தம் முயற்சியால் கண்டடைவது நல்லது. உறவினரிடமிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கவே கூடாது. பல்கலைக்கழக மருத்துவமனைகளில் அனுமதிச் சிக்கல் அதிகம். சொந்தமாக கிளினிக் நடத்தும் குடும்ப மருத்துவர்கள், குழந்தை மருத்துவர்கள், பெரியவர்களுக்கான பொது மருத்துவர்கள் எளிதில் இசைவார்கள். கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். நீங்கள் யார், எங்கே எந்த ஆண்டில் படிக்கிறீர்கள், அவருடைய பணியில் எது உங்களை ஈர்த்தது, எத்தனை நாள் வர விரும்புகிறீர்கள், தடுப்பூசியும் ஹிப்பா பயிற்சியும் முடித்துவிட்டீர்களா என்பவை போதும். ஒரு நாள் அல்லது இரண்டு நாள் கேளுங்கள். மாதக் கணக்கில் கேட்டால் மருத்துவர் தயங்குவார். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதற்குமேல் வேண்டாம். மின்னஞ்சலைவிட கிளினிக்கின் அலுவலக மேலாளரிடம் நேரில் போய்ப் பேசுவது பல நேரங்களில் விரைவில் பலன் தரும்.

அனுமதி கிடைத்த அன்று நடந்துகொள்ளும் முறை முக்கியம். பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், அறுவை அரங்கில் வெறும் வயிற்றோடு முழங்காலை விறைத்துக்கொண்டு நிற்பவர்கள் மயங்கி விழுவதுண்டு. தலை சுற்றுவதுபோல் இருந்தால் நுண்ணுயிர் நீக்கிய நீலத் துணிகளிலிருந்து விலகிச் சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிடுங்கள். அதில் வெட்கம் ஏதும் இல்லை. நுண்ணுயிர் நீக்கப்பட்ட பகுதியின்மேல் விழுவதுதான் ஆபத்து. நோயாளி உங்களை "டாக்டர்" என்று அழைத்தால் உடனே திருத்தி, "நான் கல்லூரி மாணவர், கவனிக்க வந்திருக்கிறேன்" என்று சொல்லுங்கள். நீங்கள் அறையில் இருப்பதற்கு ஒவ்வொரு நோயாளியிடமும் மருத்துவர் ஒப்புதல் கேட்க வேண்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால் முகம் சுளிக்காமல் வெளியே வாருங்கள். நோய் அவருடையது, அறையும் அந்த நேரத்துக்கு அவருடையது. கேள்விகளை நோயாளிக்கு முன்னால் கேட்காமல் குறித்துவைத்து, அடுத்த அறைக்குப் போகும் வழியில் கேளுங்கள். உங்களுக்குப் பயிற்சி தரப்படாத எதையும், மருத்துவரே அன்போடு அழைத்தாலும், நோயாளியின் உடலில் செய்யாதீர்கள்.

தமிழ் தெரிந்த மாணவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஆங்கிலம் தெரியாத பாட்டி ஒருவர் வந்தால் உடனே மொழிபெயர்க்க மனம் துடிக்கும். ஆறுதலாக இரண்டு வார்த்தை பேசுங்கள், அவர் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள். ஆனால் நோயறிதல், மருந்தளவு, ஒப்புதல் ஆகியவற்றைத் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளர் வழியாகவே பேச வேண்டும் என்று 2010ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டமான அஃபோர்டபிள் கேர் சட்டத்தின் 1557ஆம் பிரிவின் கீழுள்ள விதிகள் எதிர்பார்க்கின்றன. வீட்டில் பேசும் தமிழில் கணையத்துக்கும் கல்லீரலுக்கும் சொல் தெரியாத மாணவர் தவறாக ஒன்றைச் சொல்லிவிட்டால் அதன் விளைவை அனுபவிப்பவர் அந்தப் பாட்டிதான். இதில் ஆர்வம் இருந்தால் மருத்துவ மொழிபெயர்ப்புக்கான முறையான பயிற்சியைப் பெறுங்கள். தமிழ் மருத்துவ மொழிபெயர்ப்பாளர்கள் எளிதில் கிடைக்காத ஊர்களில் அது பெரிய சேவை.

இணையவழிப் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பதும் பயன்படுத்துவதும்

ஒரு திட்டத்தில் சேர்வதற்கு முன் அதை நடத்துவோரிடம் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவர் நேரலையில் வருகிறாரா, பதிவுசெய்த காணொளி மட்டுமா? ஓர் அமர்வில் எத்தனை மாணவர்கள்? ஐந்நூறு பேர் கேட்கும் உரைக்கும் பன்னிரண்டு பேர் கலந்துரையாடும் அமர்வுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பார்கள். மாணவர் பேச இடம் உண்டா, அவர் எழுதியதை யாராவது படித்துக் கருத்துச் சொல்கிறார்களா, முடிவில் உங்கள் பெயரைச் சொன்னால் நினைவுகூரக்கூடிய ஒருவராவது இருப்பாரா? நோயாளிகளின் விவரங்கள் அடையாளம் நீக்கித் தரப்படுகின்றனவா? இந்தக் கேள்விகளுக்குத் தெளிவான பதில் தராமல், சான்றிதழைப் பற்றியும் சேர்க்கை வாய்ப்பு கூடுவதைப் பற்றியும் மட்டுமே பேசும் திட்டத்தை விட்டு விலகுங்கள். ஒரு சான்றிதழைப் பார்த்து எந்த மருத்துவக் கல்லூரியும் மாணவரைச் சேர்ப்பதில்லை.

சேர்ந்த பிறகு அதைப் பயன்படுத்தும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கேமராவை அணைத்துவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டே மணிக்கணக்கைச் சேர்த்தால், கையில் மிஞ்சுவது எண்ணிக்கை மட்டுமே. மருத்துவர் நோயாளியின் வரலாற்றைச் சொல்லி நிறுத்தும் இடத்தில் நீங்களும் நிறுத்துங்கள். என்னென்ன நோய்களாக இருக்கலாம், அடுத்து எதைக் கேட்பேன், எதைத் தவறவிட்டால் ஆபத்து என்று உங்கள் கையால் எழுதுங்கள். பிறகு மருத்துவர் சொல்வதோடு ஒப்பிடுங்கள். உதாரணமாக, நெஞ்சுவலியோடு வந்த ஐம்பது வயதுப் பெண்மணியைப் பற்றிக் கேட்டவுடன் மாரடைப்பு என்று மட்டும் எழுதியிருப்பீர்கள். நுரையீரலில் இரத்த உறைவு, பெருநாடிக் கிழிவு ஆகியவற்றையும் உடனே விலக்கிப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லும்போது, உயிருக்கு ஆபத்தானதை முதலில் எண்ணிப் பார்க்கும் பழக்கத்தின் காரணம் புரியும். அன்றிரவே அந்த நோயைப் பற்றி ஒரு பக்கம் படியுங்கள். தொலைமருத்துவச் சந்திப்பைக் கவனிக்கும் வாய்ப்புக் கிடைத்தால், தனி அறையில் கதவை மூடிக்கொண்டு, காதில் ஹெட்ஃபோன் அணிந்து, திரைக்கு அருகே வீட்டார் யாரும் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள்; பதிவுசெய்வதும் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைத்துக்கொள்வதும் கூடவே கூடாது.

கட்டணம் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. இலவசமாகவோ சிறு தொகைக்கோ நடக்கும் நல்ல இணையவழி அமர்வுகள் உள்ளன. ஆயிரக்கணக்கான டாலர் கேட்கும் திட்டங்களும் உள்ளன. அந்தப் பணத்தை சி.என்.ஏ. வகுப்புக்கோ எம்கேட் தயாரிப்புக்கோ செலவிடுவது மேல் என்பதை நான் தயங்காமல் சொல்வேன். வெளிநாட்டு மருத்துவமனைகளுக்கு அழைத்துப்போகும் கட்டணத் திட்டங்களிலும் கவனம் தேவை. கோடை விடுமுறையில் சென்னைக்கோ மதுரைக்கோ வரும் நம் பிள்ளைகளைத் தெரிந்தவர் மருத்துவமனையில் சேர்த்துவிடுவதும் உண்டு. அங்கே தையல் போடவும் ஊசி போடவும்கூடச் சிலரை அனுமதித்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் செய்ய அனுமதியில்லாத ஒன்றை வேறு நாட்டு நோயாளியின் உடலில் செய்யக் கூடாது என்பதே ஏ.ஏ.எம்.சி. வழிகாட்டுதலின் சாரம். அப்படிச் செய்ததைப் பெருமையாக எழுதும் விண்ணப்பம் சேர்க்கைக் குழுவிடம் எதிர்விளைவையே உண்டாக்கும். இந்திய மருத்துவமனையில் கவனித்துக் கற்பது நல்லதே. கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் ஒரு காலை நின்றால் மருத்துவ வசதியின் ஏற்றத்தாழ்வு பற்றிப் பல கட்டுரைகள் சொல்லாததை அறியலாம். ஆனால் அமெரிக்க மருத்துவ அமைப்பைப் பற்றிய அனுபவத்துக்கு அது ஈடாகாது.

காலமும் பதிவும்

இரண்டையும் எப்படி வரிசைப்படுத்துவது? முதலாண்டில் பாடங்களுக்குப் பழகும் காலத்தில் மாதம் ஓரிரண்டு இணையவழி அமர்வுகள் போதும். அவற்றிலிருந்து உங்களை ஈர்க்கும் துறைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே நேரத்தில் தன்னார்வப் பணிக்கான காகித வேலைகளை முடித்துவிடுங்கள். இரண்டாம் ஆண்டு முதல் வாரம் மூன்று நான்கு மணி நேரம் ஒரே இடத்தில் தொடர்ந்து போங்கள். ஒரே கோடையில் அவசரமாகச் சேர்த்த மணிகளைவிட இரண்டு ஆண்டுகள் ஒரே வார்டுக்கு வாரந்தோறும் போனவரின் அனுபவம் ஆழமானது. அவரைச் செவிலியர்கள் பெயர் சொல்லி அழைப்பார்கள், பரிந்துரைக் கடிதமும் அங்கிருந்துதான் பிறக்கும். எந்தக் கல்லூரி எதை எதிர்பார்க்கிறது, இணையவழி மணிகளை ஏற்கிறதா என்பதை அந்தந்தக் கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்திலும், கல்லூரிகளின் சேர்க்கை விவரங்களைத் தொகுத்து ஏ.ஏ.எம்.சி. நடத்தும் எம்.எஸ்.ஏ.ஆர். தரவுத்தளத்திலும் பாருங்கள்.

ஒவ்வொரு முறை போய்வந்த அன்றே தேதி, இடம், நேரம், பொறுப்பாளர் பெயர், மனத்தில் நின்ற ஒரு நிகழ்வு ஆகியவற்றைக் குறியுங்கள். நிகழ்வை எழுதும்போது நோயாளியின் அடையாளம் தெரியக் கூடாது. 1996இல் இயற்றப்பட்ட ஹிப்பா சட்டத்தின் விதிகள் 18 வகை அடையாளங்களைப் பட்டியலிடுகின்றன. பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டுமல்ல, அனுமதிக்கப்பட்ட தேதியும் 89 வயதைத் தாண்டியவரின் வயதும்கூட அதில் அடங்கும். வார்டில் எடுத்த செல்ஃபியின் ஓரத்தில் ஒரு பெயர்ப்பலகை தெரிந்தாலே போதும், தன்னார்வப் பணி அன்றோடு முடிந்துவிடும். ஆகவே கைப்பேசியைப் பையிலேயே வைத்திருங்கள்.

அமெரிக்காவில் முதல் மருத்துவப் பட்டமான எம்.டி. படிப்புக்கு, ஆம்காஸ் என்னும் பொது விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்கு 15 இடங்கள்வரை உண்டு. ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்துக்குறிகள். மிக முக்கியமானவை என்று நீங்கள் தேர்ந்தெடுக்கும் மூன்றுக்கு மேலும் 1,325 எழுத்துக்குறிகள் தரப்படுகின்றன. நேரடி ஷேடோயிங்கையும் இணையவழி அமர்வுகளையும் ஒரே இடத்தில் கலந்து மொத்த மணிகளைக் காட்டாதீர்கள். இணையவழியில் நடந்தது என்பதைத் தலைப்பிலேயே எழுதி, தனி இடத்தில் தனி மணிக்கணக்கோடு தாருங்கள். மறைத்து எழுதியது நேர்காணலில் ஒரே கேள்வியில் வெளிப்படும்; அதன்பின் விண்ணப்பத்தின் மற்ற பகுதிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். மூன்று முக்கியமான இடங்களில் இணையவழிப் பயிற்சியை வைக்க வேண்டாம் என்பது என் பரிந்துரை. தொலைமருத்துவச் சந்திப்புகளிலோ நெருக்கடி உதவியிலோ நீண்ட காலம் பொறுப்போடு பணிபுரிந்தவர் மட்டும் இதற்கு விதிவிலக்கு. எம்.டி.க்கு இணையான இன்னொரு மருத்துவப் பட்டமான, ஆஸ்டியோபதி மருத்துவத்துக்குரிய டி.ஓ. படிப்புக்கும் விண்ணப்பிப்பவர், டி.ஓ. பட்டம் பெற்ற மருத்துவர் ஒருவரோடு நேரில் நின்று கவனித்திருப்பதும் அவரிடம் கடிதம் பெறுவதும் பெரிதும் உதவும்.

நேர்காணலில் இணையவழிப் பயிற்சியைப் பற்றிக் கேட்டால் தற்காத்துப் பேச வேண்டிய தேவை இல்லை. திரையில் கற்ற ஒன்று, பிறகு வார்டில் எப்படிக் கண்முன் வந்தது என்று சொல்லுங்கள். இதயச் செயலிழப்பில் உப்பைக் குறைக்கச் சொல்வதன் காரணத்தை அமர்வில் கற்றிருப்பீர்கள். அதே அறிவுரையைக் கேட்ட நோயாளி ஒருவர், தமக்குக் கிடைப்பது உணவு வங்கி தரும், உப்பு மிகுந்த தகர டப்பா உணவுதான் என்று சொன்னதை வார்டில் கேட்டிருப்பீர்கள். அந்த அறிவுரையை அவருக்கு எப்படி மாற்றிச் சொல்வீர்கள் என்றுதான் நேர்காணல் செய்பவர் அடுத்துக் கேட்பார்.